ஏழு கிலோ கேபின் பேக் வாங்கப் போறீங்களா? மொதல்ல காலி பேக்க எடை போடுங்க

கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு நான் மொத தடவ ட்ராலி பெட்டியோட கெளம்புனது 2024 நவம்பர்ல, நல்ல மழை நாள். கடையில டைல்ஸ் தரையில ஒத்த விரலால தள்ளுனா சும்மா வழுக்கிட்டு போச்சு அந்தப் பெட்டி, அதப் பாத்து மயங்கித்தான் வாங்குனேன். பஸ் ஸ்டாண்டு சேத்துல எறங்குன ரெண்டாவது நிமிஷமே வீல்ல களிமண்ணு ஏறி சுத்துறத நிறுத்திடுச்சு. பஸ்ல ஏறுனா மேல கம்பி ரேக்குல நுழையல, சீட்டுக்கு அடியில நுழையல, நடுவழியில வெச்சா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் கண்டக்டர் "யாரு பொட்டி இது, எடுங்க சார், ஆளு ஏறணும்ல"ன்னு சத்தம் போட, கடைசியில மடியில தூக்கி வெச்சிக்கிட்டு திண்டிவனம் தாண்டுற வரைக்கும் தொட மரத்துப் போய் உக்காந்திருந்தேன். இவ்ளோ பாடுபட்டு ஏர்போர்ட் போனா கவுண்டர் தராசுல 8.7 கிலோ காட்டுது. ப்ளைட்டுக்குள்ள கையோட எடுத்துட்டுப் போற கேபின் பேக்குக்கு அலவன்ஸ் 7 கிலோ. அக்காவுக்குன்னு அம்மா கட்டிக்குடுத்த பண்ருட்டி முந்திரி ரெண்டு பாக்கெட்ட சட்டைப் பைக்கும் பேன்ட் பைக்கும் பிரிச்சு சொருகி, ஜீன்ஸ் மேலயே இன்னொரு பேன்ட்ட மாட்டி, ஜெர்கினையும் போட்டுக்கிட்டு எப்படியோ ஒப்பேத்துனேன்.

திரும்பி வந்து காலிப் பெட்டிய எடை போட்டுப் பாத்தேன். 3.1 கிலோ. அதாவது குடுத்த ஏழு கிலோவுல கிட்டத்தட்ட பாதிய பெட்டியே தின்னுடுச்சு, எனக்குன்னு மிச்சம் இருந்தது நாலு கிலோ கூட இல்ல. அதுக்கப்புறம் மூணு பேக் மாத்தி, ஃப்ரெண்ட்ஸுக்கு நாலஞ்சு பேக் வாங்கிக் குடுத்து கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன்.

இதுல ஒரு விஷயம் இருக்கு பாருங்க. பேக் எப்படி வாங்கணும்னு சொல்றவங்க எல்லாம் வீட்டு வாசல்ல கார் வந்து நிக்கிற மாதிரி நெனச்சு சொல்றாங்க. கடலூர், பாண்டியில இருந்து கெளம்புறவங்களுக்கு ப்ளைட்டுல இருக்குறது ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா மூணு மணி நேரம். அதுக்கு முன்னாடி வீட்ல இருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் சென்னை பஸ், கிளாம்பாக்கத்துல எறங்கி இன்னொரு பஸ், இல்லன்னா சோழன் எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல வந்து தாம்பரத்துல எறங்கி லோக்கல் ட்ரெயின் மாறி திரிசூலம், அங்க படி எறங்கி ஏறி ஏர்போர்ட். அஞ்சாறு மணி நேரம் அந்த பேக் உங்க கையில, தோள்ல, மடியில, காலுக்கு நடுவுலதான் இருக்கப் போகுது. அதனால பேக்க தேர்ந்தெடுக்குறது ப்ளைட்டுக்குன்னு நெனைக்காதீங்க, ப்ளைட் ரூல் வெறும் அளவு மட்டும்தான் சொல்லும், மீதி எல்லாத்தையும் பஸ்தான் முடிவு பண்ணும்.

சரி, மொதல்ல அந்த அளவ முடிச்சிடலாம். உள்நாட்டு எகானமில பொதுவா கேபின் பேக் ஒண்ணு, 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டுனா 115 செ.மீ. தாண்டக்கூடாது. இங்கதான் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. இண்டிகோ 55க்கு 35க்கு 25ன்னு சொல்றாங்க, ஏர் இந்தியா 55க்கு 40க்கு 20ன்னு சொல்றாங்க, ரெண்டையும் கூட்டிப் பாருங்க, அதே 115தான் வரும், ஆனா ஒருத்தர்கிட்ட குண்டா போகலாம், இன்னொருத்தர்கிட்ட அகலமா போகலாம். நீங்க ஒருத்தர்கிட்டயே காலம் பூரா டிக்கெட் போடப் போறதில்லயே, எது சீப்போ அதுலதான் போவோம். அப்போ ரெண்டு சட்டத்துக்குள்ளயும் அடங்குற அளவு எதுன்னு பாத்தா 55க்கு 35க்கு 20. ஏர்ஏஷியா 56க்கு 36க்கு 23, ஸ்கூட் 54க்கு 38க்கு 23, இதையும் சேத்துப் பாத்தா நீளத்துல இன்னும் ஒரு சென்டிமீட்டர் கொறச்சு 54க்கு 35க்கு 20ன்னு எடுத்துட்டா சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் அளவு பத்தின கவல இல்ல. இத பெருக்கிப் பாத்தா 37, 38 லிட்டர் வரும். கடைக்காரர் "45 லிட்டர் சார், எல்லாமே புடிக்கும்"னு சொல்லுவார், எல்லாமே புடிக்கிறதுதான் நம்ம பிரச்சனையே. ஏழு கிலோவுக்கு 32ல இருந்து 38 லிட்டர் தாராளம், அதுக்கு மேல எடம் இருந்தா கை சும்மா இருக்காது, எதையாவது உள்ள திணிக்கத்தான் தோணும்.

லேபிள்ல போட்டிருக்குற அளவ அப்படியே நம்பாதீங்க. ட்ராலின்னா பல கம்பெனி வீலையும் கைப்பிடியையும் விட்டுட்டு அளவு போடுறாங்க, ஏர்லைன்காரங்க ரெண்டையும் சேத்துத்தான் அளப்பாங்க. பேக்பேக்னா காலியா இருக்கும்போது 20 செ.மீ. தடிமன் இருக்கும், துணிய அடச்சதும் வயிறு தள்ளி 27, 28 ஆகிடும். நான் பண்றது என்னன்னா, கோலமாவு எடுத்து, சொவத்த ஒட்டி, தரையில 35க்கு 20ன்னு ஒரு கட்டம் போட்டுடுவேன், பக்கத்து சொவத்துல 55 செ.மீ. உயரத்துல பென்சில்ல ஒரு கோடு. பேக்க முழுசா அடச்சு, தண்ணி பாட்டிலையும் பக்கவாட்டுப் பையில சொருகி, அந்தக் கட்டத்துக்குள்ள நிக்க வெப்பேன். கோட்ட தாண்டி பிதுங்குதா, எங்க பிதுங்குதுன்னு அப்படியே தெரியும். எங்க வீட்ல மொத தடவ இத பாத்துட்டு அம்மா "என்னடா வாசல்ல போட வேண்டியத ரூமுக்குள்ள போட்டு வெச்சிருக்க"ன்னு கேட்டாங்க, இப்போ அவங்களே அளவு சொல்றாங்க. பிதுங்குற எடம் முன்பக்கப் பாக்கெட்னா பரவாயில்ல, அதுல இருக்குறத எடுத்து உள்ள மாத்திக்கலாம். நடு வயிறே பிதுங்குதுன்னா சைடுல கம்ப்ரெஷன் ஸ்ட்ராப் இருக்கணும், அத இழுத்துக் கட்டுனா அடங்கும். அந்த ஸ்ட்ராப் இல்லாத பேக்க நான் வாங்குறதில்ல.

எடைக்கு வருவோம், இதுதான் முக்கியம். காலி பேக் 1.2 கிலோவுக்குள்ள இருக்கணும், 1 கிலோன்னா இன்னும் நல்லது. சாதாரண கேபின் ட்ராலி ரெண்டேகால்ல ஆரம்பிச்சு மூணு கிலோ தாண்டியும் போகும். லேபிள்லயே எடை போட்டிருந்தாலும் ஒரு தடவ நீங்களே போட்டுப் பாருங்க, கையில தூக்கிப் புடிக்கிற கொக்கி வெச்ச டிஜிட்டல் தராசு முன்னூறு நானூறு ரூபாய்க்குக் கெடைக்கும், வாங்கி வெச்சிக்கங்க, பேக்க விட அதுதான் நான் பண்ண நல்ல செலவு. அது இல்லன்னா பக்கத்து மளிகைக் கடையில கூட்டம் இல்லாத நேரமாப் போய் "அண்ணே ஒரு நிமிஷம்"னா வெச்சிக்கலாம், எங்க தெரு கடைக்கார அண்ணன் என்னப் பாத்தாலே "என்ன தம்பி, எந்த ஊருக்கு"ன்னு சிரிப்பார். பாத்ரூம் தராசுல நீங்க ஏறி நின்னு, அப்புறம் பேக்கோட ஏறி நின்னு கழிக்கிறது எல்லாம் வேணாம், அதுல அரை கிலோ அங்க இங்க போகும், நமக்கு அரை கிலோங்கறது ஒரு சட்டையும் ஒரு லுங்கியும்.

ஒவ்வொண்ணும் எவ்ளோன்னு ஒரு தடவ வீட்ல எடை போட்டா அப்புறம் பேக் பண்ணும்போது மனசே கணக்கு போட்டுடும். எங்க வீட்ல போட்டப்போ ஜீன்ஸ் 700 கிராம், காட்டன் சட்டை 220, டி-ஷர்ட் 170, லுங்கி 260, பெரிய டர்க்கி டவல் அரை கிலோ, அதே எடத்துல ஈரிழைத் துண்டு 130 கிராம், ஆனா ரெண்டும் ஒடம்பு தொடைக்கத்தான் போகுது. துண்டு அரை மணி நேரத்துல காஞ்சிடும், டர்க்கி டவல் மறுநாள் வரைக்கும் ஈரமாவே இருந்து பேக் பூரா நாத்தம் புடிக்கும். கல்யாணத்துக்குப் போறவங்க பட்டுப்புடவைய எடை போட்டுப் பாருங்க, நல்ல ஜரிகை வெச்சதுன்னா ஒரு புடவையே முக்கால் கிலோ கிட்ட வரும். அத கொறைக்க வழி இல்ல, அதுக்காகத்தான் பேக் எடையக் கொறைக்கணும்னு சொல்றேன்.

அப்போ ட்ராலியே வேணாமான்னா அப்படி இல்ல. எங்க சித்திக்கு முட்டி வலி, தோள்லயும் தூக்க முடியாது, அவங்க பாண்டியில இருந்து கார் புக் பண்ணி நேரா ஏர்போர்ட் வாசல்ல எறங்குறவங்க, அவங்களுக்கு ட்ராலிதான் சரி, அதுலயும் ஜிப் வெச்ச துணி பெட்டி, ரெண்டு வீல். நாலு வீல் பெட்டி ஏர்போர்ட் தரையில டான்ஸ் ஆடும், ஆனா நம்ம ரோட்டுல சின்ன கல்லு மாட்டுனா வீல் காம்பு வளையும், அதோட நாலு வீலும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறதால அளவுல அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் வீணாப் போகும். ரெண்டு வீல்னா பெட்டிக்குள்ளயே பதிஞ்சிருக்கும், சாச்சு இழுத்துக்கிட்டுப் போகலாம். டஃபிள் பேக் எடை கம்மி, ஆனா ஒத்தத் தோள்ல ஏழு கிலோவ மாட்டிக்கிட்டு லோக்கல் ட்ரெயின்ல நின்னுட்டு வந்தா மறுநாள் கழுத்த திருப்ப முடியாது, அத ஜிம்முக்கு வெச்சிக்கலாம். தோல் பை பத்திக் கேப்பீங்க, பாண்டியில இருந்துகிட்டு தோல் பைய பத்தி பேசாம இருக்க முடியாது, ஹைடிசைன் 1978ல ஆரம்பிச்சதே இங்கதான். பாக்க ராஜா மாதிரி இருக்கும், ஆனா தோலுக்குன்னு ஒரு எடை இருக்கு, அதோட நம்ம ஐப்பசி கார்த்திகை மழையில பீரோவுக்குள்ள வெச்ச தோல் பைல வெள்ளையா பூஞ்சை பூக்கும். ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போங்க, ஏழு கிலோ கணக்குக்கு வேணாம்.

ஆக பெரும்பாலானவங்களுக்கு பேக்பேக்தான். அத கடையில எப்படிப் பாக்குறதுன்னு சொல்றேன். பாண்டி நேரு ஸ்ட்ரீட்டோ, கடலூர் லாரன்ஸ் ரோடோ, பாண்டி சண்டே மார்க்கெட்டோ எங்க வேணா போங்க, போகும்போது ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, ஒரு லிட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, ஆக அஞ்சு கிலோ ரெடி. கூட ஒரு பழைய போர்வைய மடிச்சு எடுத்துக்கங்க. கடையில பேக்குக்குள்ள இருக்குற அட்டையையும் பேப்பர் உருண்டையையும் எடுக்கச் சொல்லி, பாட்டில போர்வையில சுத்தி உள்ள வெச்சு, தோள்ல மாட்டி கடைக்குள்ளயே ஒரு பத்து நிமிஷம் நடங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும். பேப்பர் அடச்ச பேக் யார் தோள்ல மாட்டுனாலும் சொகமாத்தான் இருக்கும், அஞ்சு கிலோ ஏறுனதுக்கு அப்புறம்தான் ஸ்ட்ராப் கழுத்துக்குப் பக்கம் அறுக்குதா, முதுகுல ஏதாவது கம்பி குத்துதா, பேக் பின்னாடி இழுக்குதான்னு தெரியும். பேக்கோட அடி உங்க இடுப்புக்குக் கீழ தொங்கக்கூடாது. என் தங்கச்சி அஞ்சடி, நான் வாங்குன 54 செ.மீ. பேக்க மாட்டுனா நடக்கும்போது பின்னாடி இடிச்சிக்கிட்டே வந்துச்சு, அவளுக்கு 46 செ.மீ. நீளத்துல 28 லிட்டர் வாங்குனோம், அதுலயே அஞ்சு நாளுக்கு வேணுங்கறது எல்லாம் வெச்சிக்கிறா. ஆளுக்கு ஏத்த பேக், அவ்ளோதான்.

ஸ்ட்ராப் ரொம்ப மெத்து மெத்துன்னு இருந்தா நல்லதுன்னு நெனைப்போம், அந்த மெத்து ஆறு மாசத்துல தட்டையாகிடும். விரலால அழுத்திப் பாருங்க, கொஞ்சம் கெட்டியா எதுத்து நிக்கிற ஃபோம்தான் நிக்கும். நெஞ்சுக்குக் குறுக்க ஒரு சின்ன ஸ்ட்ராப் வரும், அது அவசியம் வேணும், அத மாட்டுனா தோள் ஸ்ட்ராப் ரெண்டும் வெளிய வழுக்காது. இடுப்பு பெல்ட் மலை ஏறுறவங்களுக்கு, ஏழு கிலோவுக்குத் தேவையில்ல, வீணா எடை. ஸ்ட்ராப் பேக்கோட சேர்ற எடத்த திருப்பிப் பாருங்க, அங்க சதுரம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தச்சிருக்கணும், இல்லன்னா நெருக்கமா பல தடவ முன்னும் பின்னும் ஓட்டுன பட்டையான தையல் இருக்கணும். ஒத்த வரி தையல்னா அடுத்த கடைக்கு போங்க. எங்க தெரு டெய்லர் சொல்லுவார், "பேக் துணியில கிழியாது தம்பி, தையல்லதான் பிரியும்"னு. அப்புறம் மேல ஒரு கைப்பிடி எல்லா பேக்குலயும் இருக்கும், பக்கவாட்டுலயும் ஒண்ணு இருக்கான்னு பாருங்க. நின்னுட்டு இருக்குற பஸ்ல ரெண்டு பேர் தலைக்கு மேல பேக்க படுக்க வெச்சு ரேக்குல தள்ளணும்னா அந்தப் பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாம முடியாது. 20 செ.மீ. தடிமன்ல பேக் எடுங்கன்னு சொன்னதுக்கு ஏர்லைன் மட்டும் காரணம் இல்ல, நம்ம பஸ் ரேக்குலயும் அதுதான் நுழையும்.

தெறக்குற விதம் ரெண்டு. மேல வாய் இருக்குற பேக், சூட்கேஸ் மாதிரி மூணு பக்கமும் ஜிப் ஓடி புத்தகம் மாதிரி விரியுற பேக். ரெண்டாவதத்தான் எடுங்க. மேல வாய் இருக்குறதுல அடியில கெடக்குற ஜட்டிய எடுக்க மொத்தத்தையும் வெளிய கொட்டணும், அதுவும் செக்யூரிட்டில "பேக்க ஓப்பன் பண்ணுங்க"ன்னு சொன்னாங்கன்னா நம்ம வீட்டு சாமானம் எல்லாம் பொருட்காட்சிதான். லேப்டாப் அறை தனியா முதுகுப் பக்கம் இருக்கணும், வெயிட் முதுக ஒட்டி இருந்தா பாரம் தெரியாது, ட்ரேல வைக்கவும் ஒரே இழுப்புல எடுக்கலாம்.

இப்போ துணி, ஜிப். இத கொஞ்சம் நிதானமா பாருங்க, ஏன்னா கடலோரத்துல இருக்குறவங்களுக்கு இது வேற கணக்கு. டெனியர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, 420, 600, 1680ன்னு. 9000 மீட்டர் நூல் எத்தன கிராம் எடைங்கறதுதான் அந்த நம்பர், ஆக நம்பர் கூடக்கூட நூல் தடிமன், கூடவே பேக் எடையும். 1680 எல்லாம் நமக்கு எதுக்கு, நைலான்னா 420, பாலியஸ்டர்னா 600 போதும், ஒரே நம்பர்ல நைலான்தான் உறுதி. நம்பர விட முக்கியம் உள்பக்கம் பூசியிருக்குற கோட்டிங். தண்ணி எறங்காம இருக்க பி.யூ.ன்னு சொல்ற பாலியூரித்தேன் பூசியிருப்பாங்க, அது ஈரக்காத்தையும் சூட்டையும் தொடர்ந்து வாங்குனா கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு, பிசுபிசுன்னு ஒட்ட ஆரம்பிச்சு, ஒரு புளிச்ச வாடையும் வந்து, அப்புறம் வெள்ள வெள்ளையா தோல் உரியும். கடலூர்ல கடல ஒட்டி இருக்குற தேவனாம்பட்டினத்துல என் ஃப்ரெண்டு வாங்குன பேக் ரெண்டே வருஷத்துல அப்படி உரிஞ்சு, கறுப்பு சட்டையில எல்லாம் பவுடரா ஒட்டிக்கிச்சு, அவன் ஏதோ பூச்சின்னு நெனச்சு நாப்தலின் உருண்ட போட்டு வெச்சிருந்தான். கடையில பாக்கும்போது உள்ள கைய விட்டு துணிய விரலால தேச்சுப் பாருங்க, ரப்பர் மாதிரி தடிமனா பளபளன்னு இருந்தா ஜாக்கிரத. லைனிங் துணி தனியா வெச்சிருந்தா கோட்டிங் உரிஞ்சாலும் சட்டையில ஒட்டாது.

ஜிப்ல மெட்டல் வேணவே வேணாம், உப்புக்காத்துல பச்ச புடிச்சு எறுகிடும். நைலான் சுருள் ஜிப்தான் நம்ம ஊருக்கு. ஜிப்ப இழுக்குற ரன்னரோட பின்பக்கத்த பாத்தீங்கன்னா பல ஜிப்புல 5, 8, 10ன்னு ஒரு நம்பர் இருக்கும், மூடுன பல்லோட அகலம் கிட்டத்தட்ட அத்தன மில்லிமீட்டர். மெயின் அறைக்கு 8 இல்ல 10 இருக்கணும், சின்ன பாக்கெட்டுக்கு 5 போதும். ஒய்கேகேன்னு பேர் போன ஜப்பான் ஜிப் கம்பெனி பேர் போட்டிருந்தா நல்லது, ஆனா ரன்னர்ல மட்டும் எழுத்த அடிச்சு விடுறவங்களும் உண்டு, அதனால பேர விட ஓட்டத்த பாருங்க. தண்ணி பாட்டில் உள்ள இருக்கும்போதே ஒத்தக் கையால ஜிப்ப ஒரு முழு சுத்து ஓட்டணும், முனையில வளையுற எடத்துல தடுக்கக்கூடாது. ஜிப்ப மூடிவிடுற துணி ஓரம் பல்லுக்குள்ள மாட்டிக்கிதான்னும் பாருங்க, அது கடையில ஒரு தடவ மாட்டுனா பஸ்ல பத்து தடவ மாட்டும். பூட்டு பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், சுருள் ஜிப்ப ஒரு பால் பாயின்ட் பேனா முனையால நடுவுல குத்துனா பொளந்துக்கும், பூட்டுன ரன்னர முன்னும் பின்னும் ஓட்டுனா திரும்ப மூடிக்கும், தெறந்த தடயமே இருக்காது. வீட்ல பழைய பேக்குல செஞ்சு பாருங்க, அப்புறம் பூட்டுக்கு காசு குடுக்க மாட்டீங்க. பணம், பாஸ்போர்ட் எல்லாம் ஒடம்போட இருக்கட்டும்.

வாட்டர்ப்ரூஃப்னு சொல்றதுக்காக ஆயிரம் ரூபா கூடக் குடுக்காதீங்க. துணியில தண்ணி எறங்கலன்னாலும் தையல் ஓட்டையிலயும் ஜிப்புலயும் எறங்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்துல நம்ம பஸ் தரையிலயே தண்ணி ஓடும், ரெயின் கவர் போட்டாலும் அது முதுகுப் பக்கத்த மூடாது. பெரிய பிளாஸ்டிக் கவர் ஒண்ண பேக்குக்குள்ள வெச்சு அதுக்குள்ள துணிய அடுக்கி வாய முறுக்கி விட்டுட்டா வெளிய என்ன ஊத்துனாலும் உள்ள காய்ஞ்சிருக்கும், எடை ஐம்பது கிராம் கூட வராது.

ரெண்டாவது பை ஒண்ணு வேணும். உள்நாட்டுல லேப்டாப் பையோ ஹேண்ட்பேகோ ஒண்ணு கூட அனுமதிக்கிறவங்க உண்டு, இண்டிகோ 3 கிலோ வரைக்கும் சொல்றாங்க. அதே ஏர்ஏஷியாவுல பெரிய பை சின்ன பை ரெண்டும் சேந்துதான் 7 கிலோ, ஸ்கூட்ல ரெண்டும் சேந்து 10 கிலோ. ஏர் பிரான்ஸ் எகானமில ரெண்டும் சேத்து 12 கிலோ குடுக்குறாங்க, பாரிஸ்ல சொந்தக்காரங்க இருக்குற பாண்டிக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், ஆனா அங்க போய் எறங்கி பக்கத்து நாட்டுக்கு சீப் டிக்கெட் போட்டீங்கன்னா ஃப்ரீயா விடுற பை 40க்கு 30க்கு 20 மாதிரி ரொம்ப சின்னது, அத தாண்டுனா கேட்லயே காசு. டிக்கெட் போடுற அன்னிக்கே அந்த ஏர்லைன் பக்கத்துல ஒரு தடவ பாத்துக்கங்க, இந்த நம்பர் எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். கட்டைப்பை மட்டும் கையில தொங்க விட்டுக்கிட்டுப் போகாதீங்க, ஜவுளிக்கடை பேர் போட்ட அந்தப் பைய தூரத்துல இருந்தே எண்ணிடுவாங்க. மடிச்சு பாக்கெட்ல வெச்சிக்கிற மஞ்சப்பை ஒண்ணு போதும், திரும்பி வரும்போது அழுக்குத் துணிக்கு ஆகும்.

பாண்டி லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல இருந்து போறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்த. அங்க ரன்வே சுமார் 1500 மீட்டர்தான், அதனால பெரிய ப்ளைட் எறங்காது, 2024 டிசம்பர்ல இருந்து இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விட ஆரம்பிச்சது ஏடிஆர், 78 சீட்டு, ரெக்கைக்குப் பக்கத்துல காத்தாடி சுத்துறது. அதுல தலைக்கு மேல இருக்குற அறை சின்னது, சட்டப்படி அளவு சரியா இருக்குற கெட்டி ட்ராலி கூட நுழையாம போகலாம், அப்போ படிக்கட்டுகிட்டயே டேக் போட்டு வாங்கி கீழ வெச்சிடுவாங்க. துணி பேக்னா அமுக்கி உள்ள தள்ளலாம். வாங்கிக்கிட்டாங்கன்னா குடுக்குறதுக்கு முன்னாடி பவர் பேங்க், லேப்டாப், மாத்திரைய கையில எடுத்துக்கங்க, பவர் பேங்க் கீழ போகவே கூடாது. பவர் பேங்க் 100 வாட் அவர் வரைக்கும் கேள்வி இல்ல, கணக்கு போடத் தெரியாதவங்களுக்கு, 20000 எம்ஏஎச்ச 3.7 ஆல பெருக்கி 1000 ஆல வகுத்தா 74, அது ஓகே. அழிஞ்சு போன எழுத்தோட பழைய பவர் பேங்க எடுத்துட்டுப் போனா இந்தக் கணக்க செக்யூரிட்டில நிரூபிக்க முடியாது, அத வீட்லயே வெச்சிடுங்க.

வெளிநாட்டுக்குப் போறவங்க எண்ணெய், ஷாம்பு, பேஸ்ட் எல்லாம் 100 மில்லி பாட்டிலுக்குள்ள, எல்லாத்தையும் ஒரு லிட்டர் புடிக்கிற, உள்ள இருக்குறது தெரியுற கவர்ல போட்டு மேல வெச்சிக்கணும். பாதி காலியான 200 மில்லி பாட்டில் செல்லாது, பாட்டில் அளவத்தான் பாப்பாங்க. தேங்கா எண்ணெய் இல்லாம இருக்க முடியாதவங்க டெல்லி பக்கம் குளிர்காலத்துல போனா சின்ன வாய் பாட்டில்ல ஊத்தாதீங்க, 24 டிகிரிக்குக் கீழ போனா ஒறைஞ்சிடும், குச்சி விட்டு நோண்டணும். அகல வாய் டப்பாவுல போட்டா விரலால எடுத்துக்கலாம். அம்மாக்கள் குடுத்து விடுற மல்லாட்டை (வேர்க்கடலை), முறுக்கு, முந்திரி எல்லாம் கேபின்ல பிரச்சனை பண்ணாது, எடை மட்டும்தான். கருவாடு வேணாம், நான் ஒரு தடவ நெத்திலி கருவாட்ட ஏழு கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போனேன், பஸ்ல ஆறு மணி நேரம், அந்தப் பேக்குல இருந்த சட்டைய மாட்டிக்கிட்டு மீட்டிங்ல உக்காந்தா பக்கத்துல இருந்தவர் மெதுவா நாற்காலிய நகத்துனார்.

அடுக்குறதுக்குப் பெருசா வித்தை இல்ல. கனமானது முதுக ஒட்டி, நடுவுல, துணி வெளிப்பக்கம். கெளம்புற அன்னிக்கு இருக்குறதுலயே கனமான பேன்ட்டும் ஷூவும் ஒடம்புல. மூணு நாளுக்கு வேணுங்கற துணிதான் எடுத்துப்பேன், அஞ்சு நாள்னாலும் அதேதான், நடுவுல ஒரு ராத்திரி அலசிப் போட்டா ஃபேன்ல காஞ்சிடும். வீட்ல எடை போடும்போது 6.5ல நிறுத்திடுங்க, ஏர்லைன் தராசும் உங்க தராசும் ஒண்ணா பேசாது, அந்த அரை கிலோ அதுக்கு.

ஊருக்கு வந்ததும் பேக்க அப்படியே பரண்ல தூக்கிப் போட்டுடாதீங்க. எல்லா பாக்கெட்டையும் தெறந்து தலைகீழா உதறி, ஈரத்துணியால உப்பு போற மாதிரி தொடச்சு, நெழல்ல ஒரு நாள் காய விடுங்க, வெயில்ல வேணாம். பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா ஈரம் உள்ளயே நின்னு அந்தக் கோட்டிங் சீக்கிரம் போயிடும், ஆணியில காத்தாட தொங்க விடுங்க. ஜிப் இறுகுனா மெழுகுவர்த்திய பல்லு மேல ரெண்டு தடவ தேச்சு ஓட்டுங்க, தேங்கா எண்ணெய் தடவாதீங்க, மண்ணு ஒட்டும். மூடுன ஜிப் பின்னாடியே பொளந்துக்கிட்டு வந்தா பேக்க தூக்கிப் போட்டுடாதீங்க, ரன்னர் தேஞ்சிருக்கும், பல்லு நல்லாத்தான் இருக்கும். ரோட்டோரம் குடை, ஜிப் ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்தா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ரன்னர மாத்திக் குடுத்துடுவார். என் இப்போதைய பேக்குல இது ரெண்டாவது ரன்னர்.